இங்கே யாரும் யாருக்கும் கூலி கொடுப்பதில்லை

எல்லாம் என் வாயால் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். ஃபோன் சில்வேன் என்கிற எங்கள் தீவு மலைக்கிராமத்தின் வாழைக்காரர் குழுவுக்கு நான் செகரட்டரி. மினிட்ஸ் எழுதுவதும் வருகிற தபாலைப் படித்துச் சொல்வதும்தான் என் வேலை. பேசுவது என் வேலையில் சேர்ந்ததே இல்லை. ஆனாலும் பேசினேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் அறுபது பேருக்கு மேல் வாழை போட்டார்கள். இப்போது பதினோரு பேர். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் எங்கள் சேர்மன் டாடியஸ் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய நாட்டுக்காரனும் அந்தப் பக்கம் ஒரு பெரிய நாட்டுக்காரனும் வாழைப்பழத்துக்காக வழக்குப் போட்டார்கள், வாதாடிய வக்கீல்களில் ஒருவர்கூட ஒரு தார் சுமந்தவர் இல்லை, வழக்கில் எங்கள் பெயரே இல்லை, தோற்றது மட்டும் நாங்கள் என்பார். அதுவரை எங்கள் காய்க்கு இங்கிலாந்தில் வரியில்லாத ஒரு தனி வாசல் இருந்தது. வழக்குக்குப் பிறகு வேறு நாட்டுப் பெருந்தோட்டக்காரர்களோடு நாங்களும் ஒரே வாசலில் முட்டி மோத வேண்டியதாயிற்று. அவர்கள் தோட்டம் சமவெளியில், ரயில் ஓடுகிற அளவுக்கு நீளம். எங்கள் தோட்டம் மலைச்சரிவில் இரண்டு ஏக்கர். எத்தனை நாளைக்கு முட்ட முடியும்?

எங்களை நிறுத்தி வைத்தது ஒரு ஸ்டிக்கர். பழத்தின் மேல் ஒட்டுகிற கட்டைவிரல் அளவுச் சமாசாரம். இந்தப் பழத்தை விளைவித்தவருக்கு நியாயமான விலை கிடைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அது ஒட்டிய பெட்டிக்கு ஓரிரண்டு டாலர் கூடுதல். அதைவிட முக்கியம், அது ஒட்டியிருந்தால்தான் வியாழக்கிழமைக் கப்பல் எங்கள் பெட்டியை ஏற்றும். ஒட்டாத பெட்டியைக் கேட்க ஆளில்லை.

பதினோரு பேரில் ஆறு வீடு மேல் சரிவில் இருக்கிறோம். ஆறு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு வாரத்தில் ஆறு வெட்டு நாள். இன்று டாடியஸ் தோட்டம், நாளை கிளீட்டஸ் தோட்டம் என்று முறை. யார் தோட்டமோ அங்கே மற்ற ஐந்து வீட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். ஒருவர் வெட்ட, மூன்று பேர் தாரைச் சுமந்து கொட்டகைக்கு இறக்க, மற்றவர்கள் சீப்பு சீப்பாகப் பிரித்துக் கறையைக் கழுவி, ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். தோட்டக்காரர் வீட்டில் சமையல். நாலு மணிக்கு லாரி. கைகொடுப்பு என்போம். எங்கள் அப்பாக்களும் அம்மாக்களும் கரும்பு வெட்டியதும் வீடு கட்டியதும் இப்படித்தான்.

அதில் காசு பேசக் கூடாது. லண்டனில் முப்பது வருடம் பஸ் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய ஒரு மனிதர், தன் வீட்டுக் கூரைக்குக் கைகொடுக்க வந்தவர்களுக்குச் சாயங்காலம் ஆளுக்கு ஐம்பது டாலர் நீட்டினார். பாவம், நல்ல மனதோடுதான் நீட்டினார். அவருக்குக் கூரை ஏறியது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. என்னை என்ன கூலிக்காரன் என்று நினைத்தாயா என்று டாடியஸ் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

இந்த ஆறு வீட்டில் ஒன்று அன்செல்மாவுடையது. அவள் என் மகனுக்கு ஞானத்தாய், அதனால் பெற்றவளும் ஞானத்தாயும் கூப்பிட்டுக்கொள்கிற முறைப்படி நாங்கள் ஒருவரையொருவர் கோமே என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் காஸ்டன் பக்கத்துத் தீவான மார்த்தினிக்குக்கு வேலைக்குப் போய், அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் இரண்டு ஏக்கரையும் தனியாகப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் மழையில் தாரோடு சரிவில் விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கோணலாகச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கையால் ஒரு தாரைத் தூக்க முடியாது. ஆனால் பெட்டி அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தச் சீப்பு எங்கே உட்காரும் என்று பார்த்தவுடனே தெரியும் அவளுக்கு. அவள் அடுக்கிய பெட்டி கப்பலிலிருந்து திரும்பி வந்ததே இல்லை.

வடக்கே கடற்கரை ஹோட்டலில் துணி மடிக்கிற அவள் தங்கை அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு தடவை அன்செல்மா போய்ப் பார்த்தாள். கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். ஆக, அவளுக்கு இருந்தது அந்த இரண்டு ஏக்கர் மட்டும். அந்த இரண்டு ஏக்கர் நின்றது எங்கள் கைகளால். எங்கள் கொட்டகைகள் நின்றது அவள் கையால். யார் அதிகம் கொடுத்தார்கள் என்று யாரும் யோசித்தது கிடையாது. யோசிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஸ்டிக்கர்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கு ஆள் அனுப்புவார்கள். வழக்கமாக வருகிறவர் பூச்சிமருந்து வைத்திருக்கிற அலமாரியைத் திறந்து பார்ப்பார், கக்கூஸைப் பார்ப்பார், போய்விடுவார். அந்த வருடம் ஒரு புதுப் பெண் வந்தாள். மிஸ் ஃபிலிப்பா. இருபத்தாறு வயது இருக்கும். மூக்கு வெயிலில் வெந்து உரிந்திருந்தது. வந்தது அன்செல்மாவின் வெட்டு நாளான புதன்கிழமை. சும்மா நிற்கவில்லை அந்தப் பெண். தோளில் துணி போட்டுக்கொண்டு இரண்டு தார் சுமந்து இறக்கினாள். இரண்டாவது தாரோடு சறுக்கி உட்கார்ந்து, தானே சிரித்தாள். மத்தியானம் வேகவைத்த பச்சை வாழைக்காயும் கருவாடும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எங்கள் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் நோட்டை எடுத்தாள். இந்த ஐந்து பேரும் அன்செல்மாவின் வேலையாட்களா, என்ன கூலி என்று கேட்டாள். கேட்டது என்னை. நான் செகரட்டரி இல்லையா.

எனக்குத் தலை கனத்துவிட்டது. பெரிய நாட்டுப் பெண் ஒருத்தி, நாங்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"வேலையாளா? மிஸ், இங்க யாரும் யாருக்கும் கூலி குடுக்கறதில்ல. எங்க அப்பா காலத்துலேருந்து குடுத்ததில்ல. இனிமேயும் குடுக்க மாட்டோம்."

அவள் பேனா ஒரு நிமிடம் நின்றது. பிறகு அன்செல்மாவைக் கேட்டாள், நீங்கள் மற்ற ஐந்து தோட்டத்திலும் இந்தக் கையோடு வேலை செய்கிறீர்களா, அதற்கு எதுவுமே தரமாட்டார்களா என்று.

அன்செல்மா சிரித்தாள். "என்ன விட்டுடுவாங்களா மிஸ்? காய்ச்சல்ல படுத்தாக்கூட வந்து தூக்கிட்டுப் போவாங்க. நான் இல்லாம ஒரு பெட்டி மூடாது."

எல்லோரும் சிரித்தோம். டாடியஸ் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மிஸ் ஃபிலிப்பா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். வெயிலில் களைத்திருக்கிறாள் என்று நினைத்து நான் இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. பள்ளிக்கூட அறையில் குழுவைக் கூட்டி நான்தான் வாசித்தேன். எங்கள் தோட்டங்களில் பல தலைமுறைகளாக ஊதியமில்லா உழைப்பு நடப்பதைச் செகரட்டரியே ஒப்புக்கொண்டிருக்கிறாராம். கை ஊனமான ஒரு பெண், நோயுற்ற நாளிலும் விடப்படாமல், ஐந்து தோட்டங்களில் ஊதியமின்றி வேலை வாங்கப்படுகிறாராம். கடுமையான குற்றம். தொண்ணூறு நாளில் சரிசெய்யாவிட்டால் ஸ்டிக்கர் கிடையாது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிளீட்டஸ்தான் முதலில் சிரித்தான். எங்களில் அவன்தான் வயதில் சின்னவன், எதற்கும் சிரிப்பான்.

"அன்செல்மா, உன்ன அடிமையா வெச்சிருக்கோமாம். எங்க, ஓடு பாக்கலாம்."

"ஓடிருப்பேன். உன் வீட்டுச் சோறு அப்படி. உன் பொண்டாட்டி மூஞ்சிக்காக இருக்கேன்."

டாடியஸ் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "செகரட்டரி, உன்ன மினிட்ஸ் எழுதத்தானம்மா வெச்சோம்?"

நாலு பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினேன். கைகொடுப்பு என்றால் என்ன, அதில் காசு ஏன் அவமானம், லண்டன் பஸ்காரர் கதை, எல்லாம் எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. உங்கள் மரபுகளை மதிக்கிறோம், ஆனால் ஒவ்வொரு மணி நேர உழைப்புக்கும் ஊதியம் தரப்பட வேண்டும், அதற்குக் கையெழுத்திட்ட தாள் இருக்க வேண்டும்.

அந்த விதி தப்பு என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. சமவெளியில் பெருந்தோட்டங்களில் ஆட்களை மாடு மாதிரி வேலை வாங்கிவிட்டுக் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் போட்ட விதி அது. அங்கே அது ஒரு தொழிலாளியின் வயிற்றைக் காப்பாற்றியிருக்கும். நல்ல மனதோடு தைத்த சட்டையை அளவு பார்க்காமல் எங்களுக்கும் மாட்டினார்கள், அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் வேறு ஒன்றில். எங்கள் கக்கூஸ் வரைக்கும் பார்க்க அவர்களிடம் ஃபாரம் இருக்கிறது. எங்கள் பெட்டியை அங்கே என்ன விலைக்கு விற்கிறீர்கள், நடுவில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்க எங்களிடம் ஒரு ஃபாரமும் இல்லை. கேள்வி எப்போதும் மேலிருந்து கீழேதான் வருகிறது.

வழி கண்டுபிடித்ததும் நான்தான். அதிலும் அப்போது எனக்குப் பெருமை. குழுப் பணத்திலிருந்து இருநூற்று இருபத்தைந்து டாலர் எடுத்து ஒரு உறையில் போட்டேன். ஐந்து பேருக்கு ஆளுக்கு நாற்பத்தைந்து. வெட்டு நாள் முடிந்ததும் தோட்டக்காரர் உறையைப் பிரித்து ஐந்து பேருக்கும் கூலி கொடுப்பார். வாங்கினவர்கள் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். போட்ட கையோடு பணத்தை என்னிடம் திருப்பித் தந்துவிடுவார்கள். அடுத்த வெட்டு நாளில் அதே நோட்டுகள் அடுத்த தோட்டக்காரர் கையில். விதிக்கு விதியும் ஆயிற்று, கைகொடுப்புக்கும் கேடு இல்லை.

ஆரம்பத்தில் ஒரே கூத்தாகத்தான் இருந்தது. கூலி வாங்குகிறபோது கிளீட்டஸ் தொப்பியைக் கழற்றி, முதுகை வளைத்து, எஜமானே என்பான். டாடியஸ் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நேற்று நான் கொடுத்த அதே கிழிசல் நோட்டு என்பார். அன்செல்மா நாற்பத்தைந்து டாலரை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் பணக்காரியா இருந்துக்கறேன் என்று கண்ணை மூடி நிற்பாள். பிறகு சிரித்துக்கொண்டே என்னிடம் தருவாள். தாள்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. இரண்டாவது கடிதம் வந்தது. வாழ்த்துகள், உங்கள் தொழிலாளர்களின் வாழ்க்கை மேம்பட்டிருக்கிறது. அதையும் நானே வாசித்தேன், பள்ளிக்கூட அறையே சிரிப்பில் அதிர்ந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம் இருந்தது. இங்கிலாந்தில் இரண்டு பெரிய கடைக்காரர்களுக்குள் போட்டி வந்தது. யார் வாழைப்பழத்தை மலிவாக விற்கிறார்களோ அவர்கள் கடைக்குக் கூட்டம் போகும், போகிற கூட்டம் மற்றதையும் வாங்கும் என்பது கணக்காம். எங்கள் பெட்டிக்கு இரண்டு டாலர் குறைந்தது. ஸ்டிக்கருக்குக் கூடுதலாகக் கொடுத்ததை அப்படியே கொடுக்கிறோம், அடிப்படை விலைதான் குறைந்திருக்கிறது என்று கப்பல் ஏஜெண்ட் விளக்கினார். எந்த டாலர் குறைந்தால் என்ன? உர மூட்டைக்காரனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்த வெட்டு நாள் எங்கள் தோட்டத்தில். சாயங்காலம் உறையைப் பிரித்துக் கொடுத்தேன், கையெழுத்து வாங்கினேன், திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். நாலு பேர் தந்தார்கள். கிளீட்டஸ் தரவில்லை. தொப்பியைக் கழற்றவும் இல்லை.

"புள்ளைக்கு மூச்சிழுப்புக்கு அடிக்கற பம்ப் தீர்ந்துபோச்சு. இந்தத் தடவ நான் வெச்சுக்கறேன்."

"அடுத்த வாரம் தந்துடுவியா?"

"எதுக்குத் தரணும்? வேல செஞ்சேன், கையெழுத்து போட்டேன். இது என் காசுதானே?"

அவன் முரண்டு பிடித்துச் சொல்லவில்லை, கேட்கிற மாதிரிதான் சொன்னான். நானே தயார் செய்த தாளில், நானே போட்ட கட்டத்தில், பெற்றுக்கொண்டேன் என்று அவன் எழுதியிருந்தான். அது அவன் காசுதான்.

அடுத்த வெட்டு நாளில் இன்னொரு வீட்டார் தங்கள் நாற்பத்தைந்தை வைத்துக்கொண்டார்கள், அங்கே கரண்ட் பில். மூன்று வாரத்தில் உறை காலி. சரி, ஒழியட்டும், நிஜமாகவே கொடுத்து நிஜமாகவே வாங்கிக்கொள்வோம் என்று ஆயிற்று. அதில் யாருக்கும் நட்டமில்லை. இரண்டு வாரத்தில் ஒரு நாள் இருநூற்று இருபத்தைந்து கொடுப்போம், ஐந்து நாள் நாற்பத்தைந்து நாற்பத்தைந்தாக அதே இருநூற்று இருபத்தைந்தை வாங்குவோம். போனது வந்துவிடும். நான் இப்படி நினைத்துத்தான் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் காசு என்று கைக்கு வந்தபிறகு மனிதர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். முதலில் என் புருஷன் வில்ஃபிரட்தான் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார், நாற்பது தாரைச் சரிவில் சுமக்கிறவனுக்கும் நிழலில் நின்று பெட்டி அடுக்குகிறவளுக்கும் ஒரே கூலியா என்று. வெளியே எங்கே கேட்டாலும் சுமைக்கு நாற்பத்தைந்து, அடுக்குவதற்கு இருபத்தைந்து என்றார். வாயை மூடுங்கள் என்றேன். அவர் மூடிக்கொண்டார். கிளீட்டஸ் மூடவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து அதையே கேட்டான். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, ஆறு வீட்டில் சுமக்காமல் அடுக்க மட்டும் செய்கிறவள் ஒருத்திதான்.

டாடியஸ் கூரையைப் பார்த்தார். நான் மினிட்ஸ் நோட்டைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவேண்டாத இடத்தில் அத்தனை நன்றாகத் திறந்த வாய், அன்று பூட்டிக்கொண்டது. ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து போகிறவர் வில்ஃபிரட். அவர் சுமக்கிறவர். பெட்டிக்கு இரண்டு டாலர் குறைந்திருந்த நேரம். இருபது டாலர் மிச்சம் என்று எனக்குள்ளே ஏதோ ஒன்று கூட்டிப் பார்த்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

எழுந்து பேசியது அன்செல்மாதான்.

"கிளீட்டஸ் கேக்கறது நியாயம்தான். தார் சுமக்கறவனும் ஸ்டிக்கர் ஒட்டறவளும் ஒண்ணாயிடுவாங்களா? எனக்கு இருபத்தஞ்சு போடுங்க. எழுதிக்கோ கோமே."

யாரும் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்கு முன் அவளே முடித்துவிட்டாள். நான் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். அவளும் இனி ஐந்து தோட்டத்தில் இருபத்தைந்து வீதம் நூற்று இருபத்தைந்து வாங்குவாள். தன் தோட்டத்துக்கு வருகிற வெட்டிச் சுமக்கிற நாலு பேருக்கும் அன்று அவளோடு நின்று அடுக்குகிற ஒருவருக்கும் இருநூற்றைந்து கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு எண்பது டாலர் பள்ளம். அவளுடைய நாற்பது பெட்டியில் உரமும் பையும் அட்டையும் போக இப்போது மிஞ்சுவதே அந்த எண்பதுதான். ஒன்பது வருடமாக அவள் கை கோணல் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு கோணல் என்று இப்போதுதான் டாலரில் தெரிந்தது.

முதல் தடவை கொடுத்துவிட்டாள். இரண்டாம் தடவையும் எப்படியோ கொடுத்தாள். அவள் மூன்றாவது முறைக்கு வந்த புதனுக்கு முதல் நாள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள், டென்னரி ஊரிலிருந்து மாமன் மக்கள் வருகிறார்கள், அவர்களை வைத்தே வெட்டிக்கொள்கிறேன், நீங்கள் யாரும் வரவேண்டாம் என்று. நல்லது என்றார்கள். ஒரு நாள் ஓய்வு யாருக்குக் கசக்கும்? நானும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

புதன் காலை எட்டரை மணிக்குத் துணி காயப்போடும்போது எதிர்ச் சரிவு கண்ணில் பட்டது. வெட்டு நடக்கிற தோட்டம் தூரத்திலிருந்தே தெரியும். நாலைந்து இடத்தில் இலை ஆடும், ஆட்கள் கூவிக்கொள்வார்கள். அங்கே ஒரே இடத்தில்தான் இலை ஆடியது. சத்தமே இல்லை. துணியைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன்.

மாமன் மக்களும் இல்லை, ஒருவரும் இல்லை. அன்செல்மா ஒரு கையால் மரத்தை வெட்டிச் சாய்த்து, விழுகிற தாரை முதுகில் வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்முன்னே அது வழுக்கிப் பாறையில் விழுந்தது. அடிபட்ட காய் கப்பலுக்கு ஆகாது. அவளைச் சுற்றி அப்படிப்பட்ட தார் ஏழோ எட்டோ கிடந்தது.

"துணி காயப் போட்டாச்சா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துவிட்டிருக்கிறாள்.

தோளில் துணியைப் போட்டுக்கொண்டேன். அவள் வெட்ட, நான் சுமந்தேன். நான் சுமந்து பல வருடம் ஆகியிருந்தது. மத்தியானம் ஒரு துண்டு ரொட்டியை நின்றபடியே இருவரும் தின்றோம். நாலு மணிக்கு லாரி ஹாரன் அடித்தபோது பத்தொன்பது பெட்டி தயாராக இருந்தது. நாற்பது வந்திருக்க வேண்டிய தோட்டம். மேல் ஏக்கரில் பாதித் தார் வெட்டாமல் நின்றது. அடுத்த முறைக்குள் மரத்திலேயே பழுத்துவிடும்.

லாரி போனதும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வில்ஃபிரட்டை இழுத்துக்கொண்டு வந்திருப்பேனே என்றேன். டாடியஸிடம் பேசுகிறேன், அந்த இருபத்தைந்தை மாற்றச் சொல்கிறேன், இதெல்லாம் என் வாயால் வந்தது என்றெல்லாம் சொன்னேன். அவள் கையிலிருந்த கறையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு மேல் ஏக்கரை விட்டுவிடப் போகிறேன் என்றாள். கீழே உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு ஆளுக்குக் கூலி கொடுக்க முடியும், கூட்டிப் பார்த்துவிட்டேன் என்றாள். மேலே காடு ஏறட்டும் என்றாள்.

உள்ளே போய்ப் பணமும் கூலித் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து டாலர்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "என்ன கோமே இது? எங்கிட்டயா?"

"நீ சுமந்தே. சுமந்தவளுக்கு நாப்பத்தஞ்சு."

"நான் வாங்க மாட்டேன்."

"வாங்கிக்கோ." அவள் கோபப்படவில்லை, சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ இத வாங்கலன்னா, அடுத்த தடவ உன்ன நான் எப்படிக் கூப்பிடுவேன்?"

என் மகனை ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்தியவள் என்னிடம் இதைக் கேட்டாள். வாங்கிக்கொண்டேன். தாளைப் பெட்டி மேல் வைத்துப் பெயர் எழுதி, வேலை என்ற கட்டத்தில் சுமை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். நேரம் என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்ததை விரலால் காட்டினாள்.

"ஆறுன்னு போட்டுடறேன்" என்றேன்.

"எட்டே முக்காலுக்கு வந்தே கோமே. ஏழே கால்னு போடு."

ஏழே கால் என்று எழுதினேன்.